8.10 பஸ் எங்கே போனது?

கேள்வி: "எனக்கு 43 வயது. ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருக்கிறேன். 2011லிருந்து 2017 வரை என்னுடைய ஆறு சிறுகதைகள் பத்திரிகைகளில் வந்தன. அப்போது திண்டுக்கல்லில் வீடு, வத்தலக்குண்டில் வேலை. காலை 8.10 பஸ், ஒரு மணி நேரப் பயணம். வீட்டில் எழுத இடம் கிடையாது, ஒரு ஹாலும் ஒரு பெட்ரூமும்தான். அதனால் பஸ்ஸிலேயே, கேன்சலான வவுச்சர் தாள்களின் பின்பக்கத்தில் கிறுக்குவேன். செம்பட்டி தாண்டுவதற்குள் ஒரு தாள் நிரம்பிவிடும், ஜன்னல் சீட் கிடைத்தால் ஒன்றரை. பிறகு உள்ளூருக்கே மாற்றல் கிடைத்தது. இப்போது ஒன்பதரைக்கு மேல் ஸ்கூட்டியை எடுத்தால் பத்து நிமிடத்தில் ஆபீஸ். அந்த வகையில் நிம்மதி. ஆனால் எழுத்து நின்றுபோனது. இடமில்லாததுதான் காரணம் என்று லோன் போட்டு மாடியில் ஒரு ரூம் கட்டினோம். மேஜை, ஃபேன், அலமாரி எல்லாம் இருக்கிறது. நான் உள்ளே போனால் கீழே டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துவிடுகிறார்கள். எட்டு மாதமாக ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. 450 ரூபாய் கொடுத்து வாங்கிய நோட்டில் மூன்று தாள் கிழித்ததுதான் மிச்சம். பெரிய எழுத்தாளர்கள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து எழுதுவதாகப் படித்து நானும் எழுந்து பார்த்தேன், தூக்கம்தான் வந்தது. என் பழக்கத்தில் கோளாறா, அறையில் கோளாறா, இல்லை என்னிடம் இருந்ததே தீர்ந்துபோய்விட்டதா?

பி.கு.: மாடி ரூம் சும்மாதானே கிடக்கிறது, காற்றும் வருகிறது, சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்துக்கொள்கிறேனே என்று மாமியார் கேட்கிறார். கொடுக்கலாமா?"

— பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் ஆறு பக்கம். இடம் கருதி வெட்டிச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த ஆறு பக்கத்தில் மாடி அறைக்கு மட்டும் இரண்டரைப் பக்கம் போயிருக்கிறது. மேஜை தேக்கா பிளைவுட்டா, ஃபேன் எந்தப் பக்கம், ஜன்னலைத் திறந்தால் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும் என்பதுவரை. பஸ்ஸுக்கு ஐந்தே வரி. எனக்கு அந்த ஐந்து வரியில்தான் கண் போய் நின்றது. முப்பது வருடமாக அடுத்தவர் கைப்பிரதியைத் திருத்திப் பிழைக்கிறவள் நான். எழுதியவர் அழுத்திச் சொல்வதை விட்டுவிட்டு, போகிறபோக்கில் சொல்லிக் கடக்கிற இடத்தில் பென்சிலை வைப்பது தொழில் புத்தி. "ஜன்னல் சீட் கிடைத்தால் ஒன்றரை" என்று எழுதியிருக்கிறீர்களே, ஆறு பக்கத்தில் அது ஒன்றுதான் கதாசிரியர் எழுதிய வாக்கியம்.

உங்களிடம் இருந்தது தீரவில்லை. அறையிலும் பெரிய கோளாறு கிடையாது. உங்கள் 8.10 பஸ் போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம். மாற்றல் உத்தரவு வந்த அன்று வீட்டில் ஸ்வீட் வாங்கியிருப்பீர்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருந்த அறை அன்றைக்குத்தான் கைவிட்டுப் போனது என்பது யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்த பஸ்ஸில் உங்களுக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏறி உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு யாரும் உங்களுக்கு ஒரு வேலையும் சொல்ல முடியாது. அடுப்பில் பால் இல்லை, எதிரே லெட்ஜர் இல்லை. பக்கத்து சீட்டு அம்மா தூங்குகிறார், முன் சீட்டுக்காரர் பேப்பர் படிக்கிறார், நீங்கள் எழுதுகிறீர்கள். மூன்றும் ஒரே மாதிரி வேலைதான், பொழுதைத் தள்ளுவது. சத்தம் இருந்தது, நிறையவே இருந்தது. ஹாரன், பாட்டு, விசில், சில்லறைத் தகராறு. ஆனால் அதில் ஒரு சத்தம்கூட உங்களைத் தேடி வந்ததில்லை. வீட்டில் மாமியார் மெல்லிய குரலில் "பெருங்காயம் எங்கம்மா வச்சிருக்க?" என்று கேட்டால் போதும், ஓடிக்கொண்டிருந்த வாக்கியம் அறுந்துவிடும். கண்டக்டர் காதருகே நின்று "செம்பட்டி இறங்கு, செம்பட்டி" என்று கத்தினாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் இறங்க வேண்டியது செம்பட்டியில் இல்லையே. அமைதியான இடம் வேண்டும் என்று என்னிடம் கேட்காத எழுத்தாளர் கிடையாது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்மையில் வேண்டியிருப்பது, பேர் சொல்லிக் கூப்பிடாத ஓர் இடம்.

அப்புறம் அந்த வவுச்சர் தாள். ஏற்கெனவே கேன்சலானது, குப்பைக்குப் போக வேண்டியது. அதில் ஒரு வாக்கியம் மோசமாக வந்தால் என்ன குடிமுழுகிவிடும்? 450 ரூபாய் நோட்டு அப்படி இல்லை. பைண்டிங்கும் வழவழப்புத் தாளும் "இதற்குத் தகுந்த மாதிரி எழுது" என்று முதல் பக்கத்திலேயே மிரட்டும். மூன்று தாளைக் கிழித்தீர்களே, அந்த மூன்றையும் பஸ்ஸில் எழுதியிருந்தால் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள்.

ஓடுகிற வண்டியில் எழுதுவதொன்றும் இல்லாதவர்களின் ஒப்பேற்றல் இல்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆன்டனி ட்ரோலப் என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார். தபால் துறை அதிகாரி. ஊர் ஊராக ரயிலில் போய் மேற்பார்வை பார்க்கிற வேலை. பார்த்தார், மடியில் வைத்து எழுத ஒரு சின்னப் பலகை செய்துகொண்டார், நம் பரீட்சை அட்டை மாதிரி. பென்சிலால் கிறுக்குவார், வீட்டுக்கு வந்ததும் மனைவி அதை நகல் எடுத்துக் கொடுப்பார். அவருடைய புகழ்பெற்ற நாவல் ஒன்றின் பெரும்பகுதி அப்படித்தான் எழுதப்பட்டது. வீட்டில் இருக்கும் நாளில் காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். எழுப்பிவிட்டுக் காபி கொண்டுவருவதற்காகக் குதிரைக்காரக் கிழவருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை என்று கணக்கு. மொத்தம் 47 நாவல். 1882இல் அவர் இறந்து அடுத்த வருடம் சுயசரிதை வெளிவந்து இந்தக் கணக்கெல்லாம் தெரிந்ததும், இலக்கிய அன்பர்கள் பலருக்கு மனசு விட்டுப்போய்விட்டது. எழுத்தாளர் என்றால் தாடியோடு நிலா பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது. ஒரு கணக்கராகிய உங்களுக்கு அந்த மனிதரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் மாடி அறைக்கு வருவோம். அங்கே எல்லாமே பஸ்ஸுக்கு நேர்மாறு. நீங்கள் படியேறுவது வீடு முழுக்கத் தெரிகிறது. டிவி சத்தம் குறைகிறது. "அம்மா எழுதுறாங்க, மேல போகாதே" என்று பையனுக்கு உத்தரவு. ராத்திரி சாப்பிடும்போது மகள் ஆசையாக "எத்தனை பக்கம்மா முடிச்ச?" என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். தங்கமான குடும்பம், ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் சங்கடமே. லோன் தவணை கட்டுகிற கணவர் முதல் பள்ளிக்கூடம் போகிற பையன் வரை அத்தனை பேரும் வாசலில் காத்திருக்க, உள்ளே நீங்கள் பிரசவ வார்டில் இருப்பது மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள். யாருக்கு எழுத வரும்?

நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் இங்கிலாந்தின் சாட்டன் கிராமத்தில் இருந்தபோது பொது அறையில் உட்கார்ந்துதான் எழுதினார். அவருடைய மேஜை என்று அங்கே இன்றைக்கும் காட்டுகிறார்கள், ஒரு தாம்பாளம் அளவுதான் இருக்கும். வருகிற வழியில் இருந்த ஒரு கதவு திறந்தால் கிரீச்சிடும். எண்ணெய் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். யாராவது வந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும், சின்னச் சின்னத் தாள்களைச் சட்டென்று மறைத்துக்கொள்ளலாம். அவருடைய அண்ணன் மகன் பிற்பாடு எழுதிவைத்த விவரம் இது.

அறை நன்றாக அமைந்துவிட்டாலும் தொல்லைதான். ஆர்.கே. நாராயண் மைசூர் யாதவகிரியில் வீடு கட்டும்போது மாடியில் எழுதுவதற்கென்றே ஓர் அறை வைத்தார், சுற்றிலும் எட்டு ஜன்னல். சாமுண்டி மலைக் கோயில் தெரியும், தெருவும் மாடுகளும் மரங்களும் தெரியும். விளைவு, வேடிக்கை பார்த்தே பொழுது போயிற்று. கடைசியில் ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைத்துப் போட்டு, கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறத் துணி மட்டும் தெரிகிற மாதிரி செய்த பிறகுதான் ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை எழுத முடிந்ததாம். அவரே சொல்லியிருக்கிறார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, மைசூர் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் கதையும் அதேதான். 2009இல் ஒரு மொழிபெயர்ப்பை முடித்தே தீர வேண்டியிருந்தது. நண்பர் ஒருவர் கொடைக்கானலில் இருந்த தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். பத்து நாள். மூடுபனி, யூகலிப்டஸ் வாசனை, போன் டவர்கூடச் சரியாக எடுக்காது. பதினோரு பக்கம் முடித்தேன். மிச்ச நேரத்தில் அவர் வீட்டுச் சமையலறையில் இருந்த டப்பாவுக்கெல்லாம் லேபிள் எழுதி ஒட்டினேன். கடுகு, வெந்தயம், சோம்பு. அடுத்த வருடம் என் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். வார்டுக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலி. பக்கத்தில் யாராவது அழுவார்கள், யாராவது டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்து, பேப்பரில் பென்சிலால் எழுதினேன். ஐந்து மாதத்தில் முந்நூற்றைம்பது பக்கம் முடிந்துவிட்டது. அந்த இடம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் தப்பாகத் தெரியும். ஆனால் அங்கே என்னிடம் யாரும் பக்கக் கணக்கு கேட்கவில்லை, நானும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

இதைப் படித்துவிட்டு, பெண்களுக்குத் தனி அறையே வேண்டாம், சமையலறை மூலையே போதும் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். எழுத வேண்டுமென்றால் ஒரு பெண்ணுக்குக் கையில் பணமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதியது இன்றைக்கும் செல்லும். துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா, வீட்டில் எழுத விடாததால், கழிவறைக்குள் ஒளிந்து நின்று கவிதை எழுதியதும், அந்தத் தாள்களை அவருடைய அம்மா ரகசியமாக வெளியே அனுப்பிவைத்ததும் நமக்குத் தெரியும். அதை ஒரு எழுத்தாளரின் சுவாரசியமான பழக்கம் என்று பட்டியலில் சேர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அது கொடுமை, அவர் அதை மீறி எழுதினார். உங்கள் அறைக்கு உபயோகம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

நாலு மணி விவகாரத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் விடியுமுன் எழுதினார், ஏனென்றால் அவர் தனியாளாக இரண்டு பையன்களை வளர்த்துக்கொண்டு பதிப்பகத்திலும் வேலை பார்த்தார், பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் கிடைத்ததுதான் நேரம். எழுத்தாளர் காஃப்கா ராத்திரியில் எழுதினார், ஏனென்றால் பகலில் பிராகில் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, மத்தியானம் வீட்டுக்கு வந்தால் இரைச்சல். அவரவர் பிழைப்பு விட்டுவைத்த நேரத்தில் அவரவர் எழுதினார்கள். உங்களுக்கு விட்டுவைத்த நேரம் காலை எட்டேகாலிலிருந்து ஒன்பதேகால். அந்த நேரத்தில் ஆறு வருடம் எழுதி உங்கள் கைக்குப் பழக்கம். நாலு மணிக்கு நன்றாகத் தூங்குங்கள்.

இப்போது ஒரு கணக்கு கேட்கிறேன். முன்பு 8.10 பஸ்ஸைப் பிடிக்க எட்டு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பீர்கள். இப்போது ஒன்பதரைக்கு மேல் கிளம்புகிறீர்கள். நடுவில் ஒன்றரை மணி நேரம் மிச்சம். அது எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது? நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். இரண்டாவது ஈடு தோசை, யூனிஃபார்ம் இஸ்திரி, வாஷிங் மெஷின், "நீதான் வீட்டில் இருக்கியே" என்று வந்து சேர்ந்த நாலு சில்லறை வேலை. அதை ஒரேயடியாகத் திருப்பிக் கேட்டால் சண்டை வரும். முக்கால் மணி நேரம் கேளுங்கள். இல்லை, கேட்கக்கூட வேண்டாம். "ஆபீஸில் கொஞ்சம் வேலை சேர்ந்துபோச்சு, இனிமேல் 8.40க்குக் கிளம்பணும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுங்கள். கூட்டுறவு சங்கத்தில் வேலை சேராத நாள் எது, அதனால் இது முழுப் பொய்யும் ஆகாது. எழுதப் போகிறேன் என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள். மகளிடமும்.

எங்கே போவது? ஆண்களாக இருந்தால் டீக்கடை பெஞ்சைச் சொல்லிவிடலாம். ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். நம் ஊரில் ஒரு பெண் தனியாகப் போய் அப்படி உட்கார்ந்து எழுதினால் பத்து நிமிடத்தில் கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மாவட்ட மைய நூலகம் பரவாயில்லை. பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் இருப்பார்கள், போட்டித் தேர்வுப் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் நோட்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு நீங்களும் ஒருத்தி, ஏதோ டிபார்ட்மென்ட் பரீட்சைக்குப் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். கோயில் பிராகாரமும் நல்ல இடம்தான், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. அதுவும் சரிவரவில்லை என்றால், சனிக்கிழமை ஒருநாள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஏதாவது டவுன் பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பி வாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசே கிடையாது. அரசாங்கம் கதை எழுதுகிறவர்களை மனதில் வைத்து அதைச் செய்யவில்லைதான், அதற்காக நாம் சும்மா இருக்க வேண்டுமா?

கையில் பரீட்சை அட்டை ஒன்று, கிளிப்பில் பத்துப் பதினைந்து பழைய தாள். போனை வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். இதில் நான் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். 2011இல் பஸ்ஸில் உங்களிடம் இருந்திருக்கக்கூடியது பட்டன் போன், இன்று அதே 8.10 பஸ்ஸைத் திருப்பிக் கொடுத்தாலும் செம்பட்டி வரை ரீல்ஸ்தான் ஓடும்.

9.25 ஆனதும் எழுந்துவிட வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், வாக்கியம் பாதியில் தொங்கினாலும். வத்தலக்குண்டு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்த வேண்டும், மறுநாள் அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவர் பாடுபட்டுக் கண்டுபிடித்ததை உங்களுக்கு டிரைவர் பிரேக் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். மாடி அறையில் அந்த பிரேக் இல்லை. வறண்டுபோகிற வரைக்கும் உட்கார்ந்திருந்து, வறண்ட ஞாபகத்தோடு கீழே இறங்கி வருகிறீர்கள். மறுநாள் படியேறக் கால் கூசத்தானே செய்யும்.

முதல் மூன்று வாரம் எழுதியதைத் திரும்பிப் படிக்காதீர்கள். தாளைக் கழற்றி ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டே வாருங்கள்.

அப்புறம்தான் மாடி அறை. பழைய ஆறு கதைகளையும் ஞாயிற்றுக்கிழமைதான் "எடுத்து எழுதினேன்" என்கிறீர்கள். எழுதுவது ஒரு வேலை, எடுத்து எழுதுவது வேறு வேலை. வவுச்சர் தாளில் இருப்பதை மேஜையில் பரப்பி, எது முன்னால் எது பின்னால் என்று அடுக்கி, இந்தப் பத்தி தேவையா என்று வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதற்குக் கதவு சாத்திய அறை வேண்டும். அகலமான மேஜை வேண்டும், டிவி சத்தம் குறைந்திருந்தால் ரொம்ப நல்லது. அப்போது மகள் "எத்தனை பக்கம்மா?" என்று கேட்டால் தைரியமாகப் பதில் சொல்லலாம், எதிரே தாள் இருக்கிறது அல்லவா. அந்த 450 ரூபாய் நோட்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியை அதில் எழுதலாம். மேஜை உயரம் அதிகம், கழுத்து வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தலையணையைப் போடுங்கள், அதற்குக் கார்ப்பென்டரைக் கூப்பிட வேண்டியதில்லை.

உங்கள் பின்குறிப்புக்குப் பதில். தாராளமாகக் கொடுங்கள். மேஜையையும் நாற்காலியையும் மட்டும் விட்டுவிட்டு மிச்ச இடம் முழுக்க வெங்காயத்தைக் கொட்டிக்கொள்ளட்டும். சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்தால் அப்படியே விட முடியாது, அழுகலைப் பொறுக்க வேண்டும், கிளறிவிட வேண்டும். மாமியாருக்கு முட்டி வலி என்று எழுதியிருக்கிறீர்கள், மாடிப்படி ஏறமாட்டார். சாயங்காலம் சாயங்காலம் "போய் வெங்காயத்தைக் கொஞ்சம் கிளறிவிட்டு வாம்மா" என்று உங்களைத்தான் அனுப்புவார். போகும்போது அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். வெங்காயம் கிளறப் போனவளிடம் எத்தனை பக்கம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.